இரைச்சல் எங்கிருந்து வந்தது?



போன மழைக்காலம் முழுக்க எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் ஒரு பழைய பியானோவோடு மல்லுக்கட்டினோம். மனு, கூட்டம், வழக்கு என்று எழுதும் இடத்தில் பியானோ எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். முதலில் நாங்களும் அப்படித்தான் கேட்டோம். படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

படிப்பகம் வியாசர்பாடியில் இருக்கிறது. ஒரே அறை, ஒரு பீரோ, நாற்பது பிள்ளைகள். நடத்துவது நாங்கள் ஆறு பேர். பக்கத்துப் பெரம்பூரில் ரயில்வே வேலையை ஒட்டி வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். அப்படிக் கிளம்பிய ஒரு குடும்பம், "தூக்கிக்கொண்டு போக முடிந்தால் உங்களுக்கே" என்று பியானோவைக் கொடுத்தது. எட்டுப் பேர் சேர்ந்து தூக்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். சுவரோடு நிற்கும் வகை. 85 கட்டைகள். இப்போது வருபவற்றில் 88 இருக்கும். இது பழையது என்பதற்கு அதுவே சாட்சி.

அதை வாசிக்க எங்களிடம் ஓர் ஆள் இருந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஓர் அக்காவிடம் காசில்லாமல் கற்றுக்கொண்டிருந்தாள். வீட்டில் பயிற்சிக்கு 61 கட்டை பிளாஸ்டிக் கீபோர்டு. லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் கிரேடு தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. அதற்கு அவள் எடுத்திருந்த ஒரு பாடலில் இடது கை அடியாழம் வரை இறங்கும். அந்தக் கட்டைகள் கீபோர்டில் கிடையாது. பியானோவில் இருந்தன. ஆனால் தொட்டால் "ஜிர்ர்ர்" என்று இரைந்தன. டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம்.

பியானோ சரிபார்ப்பவர் ஒருவருக்குப் போன் செய்தோம். எந்த ஏரியா என்று கேட்டார். சொன்னோம். "அந்தப் பக்கமெல்லாம் நான் வர்றதில்லைங்க" என்று வைத்துவிட்டார். இன்னொருவர் வந்தார். உட்காராமல் நின்றபடியே ஐந்து கட்டைகளைத் தட்டினார். கீழ்ஸ்தாயித் தந்திகள் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை எங்கள் அறையின் ஆறு மாத வாடகை. போகும்போது, "இங்க யாருங்க இதை வாசிக்கப் போறாங்க?" என்று கேட்டார். தங்கை அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் சொன்னதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கீழ்ஸ்தாயித் தந்திகளுக்கு வயதானால் ஓசை மந்தமாகும். மாற்றினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று அவர் தேடவே இல்லை. பழைய பொருள், இந்த இடம், இந்த ஆட்கள் என்று பார்த்தவுடனே முடிவு சொல்லிவிட்டார். எங்களைக் குடைந்தது அதுதான்.

பிறகு பியானோ கொடுத்த குடும்பத்தின் மூலம், முன்பு அதைச் சுருதி சேர்த்துவந்த பெரம்பூர் அங்கிள் ஒருவரின் எண் கிடைத்தது. வயதாகிவிட்டது, படியேற முடியாது. ஆனால் பெரிய மனசு. "நீங்களே பண்ணலாம், அவசரப்படாதீங்க. நான் போன்ல சொல்றேன்" என்றார். தன் டியூனிங் லிவரையும் கொடுத்தனுப்பினார்.

வேலையைத் தொடங்கும் முன் பியானோவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டோம். உங்களுக்கும் பயன்படும்.

கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி சுற்றிய ஒரு சுத்தியல் தந்தியை அடிக்கும். தந்தியின் அதிர்வு மரக் குதிரை வழியாகப் பின்னால் இருக்கும் ஒலிப்பலகைக்குப் போகும். நம் காதுக்கு வருவது பெரும்பாலும் அந்தப் பலகையின் ஓசைதான். மேல்ஸ்தாயியில் ஒரு கட்டைக்கு மூன்று தந்தி. கீழே வர வர இரண்டாகும். அடியாழத்தில் ஒன்றே ஒன்று. இன்றைய பியானோ ஒன்றில் மொத்தம் சுமார் 230 தந்திகள். எல்லாம் சேர்ந்து 15 முதல் 20 டன் வரை இழுக்கும். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம்.

கீழ்ஸ்தாயித் தந்திகள் மட்டும் செம்பு நிறத்தில் இருக்கும். நடுவில் எஃகுக் கம்பி, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய செம்புக் கம்பி. ஏன் அப்படி? பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் படித்ததுதான். தந்தியின் எடை கூடினால் அதிர்வெண் குறையும். ஆனால் எஃகையே தடிமனாக்கினால் அது கம்பியாக இருக்காது, கடப்பாரை மாதிரி விறைத்துவிடும். அதனால் எஃகை மெல்லியதாகவே விட்டு, செம்பைச் சுற்றி எடையைக் கூட்டுகிறார்கள். அந்தச் சுற்று இறுக்கமாக இருக்கும்வரை இரண்டும் ஒரே தந்தியாக அதிரும். காலப்போக்கில் சுற்று ஓரிடத்தில் தளர்ந்தால் செம்பு தனியாக ஆடும், எஃகோடு உரசும். அதுவும் ஓர் இரைச்சல்.

"அதுவும் ஓர்" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அங்கிள் முதல் நாளே சொன்னார்: "தந்தியைக் கடைசியாகத் தொடுங்க. முதல்ல தந்தி இல்லாத எல்லாத்தையும் பாருங்க."

மேல்மூடியைத் திறந்தோம். முன்பலகையைக் கழற்றினோம். முழங்காலுக்கு நேராக இருக்கும் கீழ்ப்பலகையை ஒரு ஸ்பிரிங் பட்டைதான் பிடித்திருக்கும். அதை மேலே தள்ளினால் பலகை கையோடு வரும். உள்ளே பல வருடத் தூசி. டார்ச் அடித்துப் பார்த்தால் நான்கு பென்சில், கொண்டை ஊசிகள், ஒரு 25 பைசா, ஜெபமாலையின் இரண்டு மணி. காசு ஒலிப்பலகையின் அடி விளிம்பில் சொருகிக்கொண்டு நின்றது. எடுத்தோம். இரைந்த ஏழு கட்டைகளில் ஒன்று அப்போதே ஊமையானது. மன்னிக்கவும், அதன் இரைச்சல் ஊமையானது.

அடுத்து, ஒருத்தர் இரையும் கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்த, மற்றவர்கள் ஒவ்வொரு இடமாகக் கைவைத்து அழுத்திப் பார்த்தோம். கீல், திருகு, பூட்டுத் தகடு, பெடல் கம்பி. எங்கே கைவைத்தால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. பழைய பியானோக்களில் மெழுகுவத்தி வைக்க முன்பலகையில் பித்தளைத் தண்டுகள் இருக்கும். எங்களுடையதில் தண்டு இல்லை. அதைப் பிடித்திருந்த தகடு மட்டும் ஒற்றைத் திருகில் தொங்கிக்கொண்டிருந்தது. திருகை முடுக்கினோம். இன்னொரு கட்டையும் சரியானது.

மூன்றாவது கட்டைக்கு அரை நாள் போனது. பியானோவில் எங்கே கைவைத்தாலும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு பையன்தான் கண்டுபிடித்தான். இரைந்தது பியானோவே இல்லை. பீரோவின் மேல் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர். அந்த ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் அது கூடவே அதிர்ந்திருக்கிறது. டம்ளரை எடுத்ததும் அறையே சிரித்தது.

மீதி நான்கு. இங்கேதான் மாமா வருகிறார்.

மாமா எங்கள் தெருக்காரர். எல்லோருக்கும் மாமா, பிள்ளைகளுக்குத் தாத்தா. நாற்பது வருடமாகப் பறை அடிப்பவர். சாவுக்கும் அடிப்பார், மாநாட்டுக்கும் அடிப்பார். பேத்தியை அழைத்துப்போக வந்தவர் வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். "உள்ள வாங்க மாமா" என்றோம். "எனுக்கு அத்தப் பத்தி இன்னா தெரியும்?" என்றார். ஆனால் வந்தார்.

"எங்க பாப்பா, இன்னொரு வாட்டி அடி."

தங்கை அழுத்தினாள்.

"கைய எடுக்காத. அப்டியே வுடு, அது அடங்கட்டும்."

ஓசை அடங்கும்வரை கேட்டார். அதுவரை நாங்கள் அடித்தவுடன் வரும் இரைச்சலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அடங்கும்போது கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பிறகு பையிலிருந்து சிண்டுக் குச்சியை எடுத்தார். பறையை அடிக்கும் இரண்டு குச்சிகளில் நீளமான மெல்லிய குச்சி அது. ஒரு முனையைக் குதிரையின்மேல் வைத்தார், மறுமுனையைக் காதோடு ஒட்டினார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பதுபோல ஒவ்வொரு இடமாக நகர்த்தினார்.

"இந்த மூணும் தந்தி தளந்த சத்தம் இல்லப்பா. தந்தி மேல சுத்திக்கீது பாரு, அது தளந்துகீது. இந்த ஒண்ணு வேற. இது தந்தியே இல்ல, கீழ மரத்துல ஆணி ஆடுது."

எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டோம். பறையில் தோல் தளர்ந்தால் ஓசை தொளதொளவென்று இறங்கிவிடும், அதைத் தீயில் காட்டினால் ஏறிக்கொள்ளும் என்றார். சட்டத்தின் இணைப்பு விட்டிருந்தால் ஓசை இறங்காது, கூடவே ஓர் இரைச்சல் ஓடும். தீயில் காட்டியும் பயன் இல்லை. "ரெண்டையும் ஒண்ணா நெனச்சிக்கினு காச்சினா தோலுதான் கருகும்" என்றார்.

அங்கிளுக்குப் போன் போட்டு அப்படியே சொன்னோம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "அவர் யாரு? எங்கே டியூனிங் கத்துக்கிட்டார்?" என்று கேட்டார்.

ஆணி ஆடிய கட்டையை முதலில் எடுத்தோம். குதிரையில் ஒவ்வொரு தந்தியையும் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளச் சிறு ஆணிகள் இருக்கும். மரம் காய்ந்து மயிரிழை அளவு வெடித்தால் அந்த ஆணி தளரும். அங்கிள் சொன்னபடி தந்தியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, தண்ணீர் போல ஓடும் சூப்பர் க்ளூவை ஆணியின் அடியில் இரண்டு சொட்டு விட்டோம். மறுநாள் வரை தொடவில்லை. இரைச்சல் போயிற்று. வெடிப்பு பெரிதாக இருந்தால் இது போதாது, குதிரையையே மாற்ற வேண்டிவரும்.

பிறகு செம்புச் சுற்று. நீங்கள் எப்போதாவது செய்ய நேர்ந்தால், முதலில் கண்ணாடி போடுங்கள். ஒரு தந்தி எழுபது எண்பது கிலோ எடைக்கு இழுத்துக்கொண்டிருக்கும். அறுந்தால் முகத்தில் அடிக்கும். மேலே தந்தியைச் சுற்றியிருக்கும் டியூனிங் பின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். லிவரைப் போட்டு ஏறக்குறைய ஒரு சுற்று தளர்த்துங்கள். தந்தியின் கீழ்முனையில் ஒரு வளையம் இருக்கும், அது இரும்புச் சட்டத்தின் ஆணியில் மாட்டியிருக்கும். வளையத்தைக் கழற்றி, கையைவிட்டு நழுவாமல் பிடித்துக்கொண்டு, செம்பு எந்தத் திசையில் சுற்றியிருக்கிறதோ அதே திசையில் அரைச் சுற்று முறுக்குங்கள். அதிகம் போனால் ஒரு சுற்று. முறுக்கு அவிழாமல் வளையத்தை மறுபடி ஆணியில் மாட்டி, தந்தி குதிரையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, மெல்ல மெல்லச் சுருதிக்கு ஏற்றுங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். செம்புச் சுற்றுக்குள் எண்ணெய் போனால் தந்தி செத்துவிடும்.

முதல் தந்தியில் தப்புச் செய்தோம். எதிர்த்திசையில் முறுக்கிவிட்டோம். இரைச்சல் இரண்டு மடங்கானது. மறுபடி கழற்றி, சரியான திசையில் முறுக்கி ஏற்றினோம். தங்கை கட்டையை அழுத்தினாள். அடி வயிற்றிலிருந்து வருவதுபோல ஓர் ஓசை, சுத்தமாக, அறை முழுக்க. யாரும் பேசவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டு அது அடங்கும்வரை கேட்டுவிட்டு, "இப்போ சரி" என்றார்.

இரண்டாவதும் வந்தது. மூன்றாவது அறுந்தது. மேலே பின்னில் சுற்றியிருந்த இடம் துருப்பிடித்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தம். யாருக்கும் அடி இல்லை. அந்தக் கட்டைக்கு இரண்டு தந்தி என்பதால் மீதமிருந்த ஒன்று வேலை செய்தது. ஓசை கொஞ்சம் மெலிவு, அவ்வளவுதான். அறுந்ததை மாதிரிக்கு வைத்துப் புதிதாகச் சுற்றித் தரக் கொடுத்திருக்கிறோம். இன்னும் வரவில்லை.

ஆறு மாத வாடகை என்று சொன்ன வேலைக்கு எங்களுக்கு ஆன செலவு: க்ளூ, சாக்பீஸ், மூன்று பாதுகாப்புக் கண்ணாடி, ஏகப்பட்ட டீ.

இதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடித்தால் நேர்மை இல்லை.

நாங்கள் ஆறு பேரும் படித்தவர்கள். எங்களில் சமூகவியல் முதுகலை முடித்தவர்களும் உண்டு. உழைப்புக்குள் இருக்கும் அறிவு, அதை அறிவாக மதிக்காத சாதி, இதைப் பற்றியெல்லாம் பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருக்கிறோம். மாமா பறை அடிக்காத எங்கள் நிகழ்ச்சியே கிடையாது. ஆனாலும் இரைச்சலைக் கண்டுபிடிக்க முடியாமல் தவித்த அந்த ஒரு வாரத்தில், பத்து வீடு தள்ளி இருந்த அவரைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேடையில் பறை என்றால் நமக்குப் பெருமை, அடையாளம். ஆனால் அவர் காதை ஒரு நிபுணரின் காதாக நாங்கள் நினைத்ததே இல்லை. அவரும் நினைத்ததில்லை. "எனுக்கு இன்னா தெரியும்?" என்று வாசலில் நின்றாரே, அந்தச் சொல்லை அவர் வாயில் வைத்தவர்களில் நாங்களும் உண்டு. "இங்க யார் வாசிக்கப் போறாங்க?" என்று கேட்டவருக்கும் எங்களுக்கும் இந்த இடத்தில் அதிக தூரம் இல்லை.

இது பறைக்கு மட்டும் நடப்பதும் அல்ல. மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூல் எழுதினார். அவற்றில் பல தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். தோலைத் தேர்ந்தெடுத்து, ஓசையைக் காதால் அளந்து, வாத்தியத்துக்கு நாதம் கொடுப்பவர்கள் அவர்கள். கச்சேரியில் நமக்குத் தெரிவது வாசிப்பவர் பெயர்.

பியானோவின் கதையில் மட்டும் வேறு மாதிரி. அதை உருவாக்கியவர் பெயர் நமக்குத் தெரியும். பார்த்தொலோமேயோ கிறிஸ்தோஃபோரி. 1688-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து மெடிசி இளவரசர் அவரை வேலைக்கு எடுத்தபோது, அரண்மனையின் இசைக்கருவிகளைப் பராமரிப்பது அவர் பொறுப்பில் இருந்தது. பழுதுபார்த்த கைதான் 1700 வாக்கில் பியானோவைக் கண்டுபிடித்தது. 1720-களில் அவர் செய்த மூன்று பியானோக்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பழுதுபார்ப்பவன் கண்டுபிடிப்பாளனும் ஆகலாம், அவன் பெயரை எழுதிவைக்க ஆள் இருந்தால்.

பெயர் என்றதும் ஒன்று. பியானோவைச் சரிபார்ப்பவர்கள் உள்ளே எங்காவது பென்சிலால் கையெழுத்தும் தேதியும் போட்டுவைப்பது பழைய வழக்கம். எங்கள் பியானோவைத் திறந்தபோது மூடியின் உட்பக்கம் ஐந்து கையெழுத்துகள் இருந்தன. கடைசியாக இருந்தது பெரம்பூர் அங்கிளுடையது. வேலை முடிந்த அன்று தங்கைதான் பென்சிலை எடுத்து மாமாவிடம் நீட்டினாள்.

"நீ எழுது பாப்பா."

"நீங்கதான் எழுதணும் தாத்தா. கண்டுபிடிச்சது நீங்கதானே?"

மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர். மெதுவாக எழுதினார். பெயரை எழுதி, கீழே தெருவின் பெயரையும் எழுதினார். தேதியை அவள் போட்டாள். இந்தக் கட்டுரையில் பெயரைப் போடலாமா என்று கேட்டோம். "பொட்டிக்குள்ள கீதே, அது போதும்" என்றார். அதனால் போடவில்லை.

தங்கை தேர்வு எழுதித் தேறிவிட்டாள். இப்போது திங்கள்தோறும் மாலை மாமா படிப்பகத்தில் வகுப்பு எடுக்கிறார். பறை வகுப்பு இல்லை, கேட்கும் வகுப்பு. பறை, பியானோ, டம்ளர், ஜன்னல் கம்பி, எதையாவது தட்டிவிட்டு, அடங்கும்வரை வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். நாங்களும் பிள்ளைகளோடு தரையில் உட்காருகிறோம். இதுவரை எங்களில் யாரும் முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னதில்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு மாமாவோ அத்தையோ இருப்பார்கள். நிகழ்ச்சிக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். ஒரு பொருள் பழுதாகி நிற்கும்போது கூப்பிடுங்கள்.